மாரியும் ஒரு தச்சன்தான்!

ஒரு சின்னக் கணக்கெடுப்பு. பதிலை எனக்கு எழுதிப் போட வேண்டாம், மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். உங்களுக்குப் பத்து வயசாக இருந்தபோது, ‘இது என்னோடது, யாரும் கை வைக்காதீங்க!’ என்று சொல்லிக்கொள்ள வீட்டில் உங்களுக்கென்று ஒரு மேஜை இருந்ததா?

‘இருந்தது’ என்பவர்கள் புண்ணியவான்கள். மற்றவர்களெல்லாம் என் கட்சி. நான் படித்தது தகர டிரங்குப் பெட்டியின் மேல். உள்ளே அம்மாவின் பட்டுப்புடவைகள். கல்யாண முகூர்த்தமும் என் கணக்குப் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் தொலைந்தேன். அம்மா புடவை எடுக்க வரும்போதெல்லாம் புத்தகம், நோட்டு, பேனா சகிதம் எழுந்து நிற்க வேண்டும். என் கூட்டாளி ஒருத்தன் அவன் அம்மாவின் தையல் மெஷின் பலகையில் எழுதுவான். கணக்கு வரவில்லையென்றால் காலால் பெடலை மிதிப்பான். மெஷின் ஓடும், கணக்கு ஓடாது! மற்ற பயல்களுக்குத் தரை, மடி, பரீட்சை அட்டை.

யோசித்துப் பார்த்தால், நம் ஊரில் மேஜை என்பது படிக்கிற பிள்ளைக்கானதாகவே இருந்ததில்லை. அது கணக்குப்பிள்ளைக்கானது. பழைய மண்டிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் சாய்வாகப் பலகை வைத்த குட்டை மேஜை ஒன்று இருக்கும். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதுவார் கணக்குப்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மணல்தான் நோட்டு, விரல்தான் பேனா. பணத்துக்கு மேஜை, படிப்புக்குத் தரை!

பிற்பாடு அரசாங்கம் நிறையச் செய்தது. புத்தகம், சீருடை, காலணி, புத்தகப் பை, ஜாமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில், சைக்கிள்... 2011-ல் லேப்டாப்பும் வந்தது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைத்தோம்? மடிக்கணினி! கம்ப்யூட்டரே வந்தாலும் பிள்ளை மடியில் வைத்துத்தான் படிக்கும் என்று நமக்கு அவ்வளவு நம்பிக்கை. உட்கார்ந்து எழுத ஒரு மேஜை அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு எட்டு ஜப்பான் போய் வருவோம். டிக்கெட் செலவு என்னுடையது.

அங்கே பள்ளிக்கூடம் திறப்பது ஏப்ரல் மாதம். ஆறு வயசு நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது என்றால் வீட்டில் இரண்டு பொருள் பேச்சாக இருக்கும். ஒன்று, ‘ரான்டோசெரு’ என்கிற விறைப்பான முதுகுப் பை. இன்னொன்று, ‘ககுஷூ ஸுகுயே’. வாயில் நுழையவில்லையா? படிப்பு மேஜை என்றே வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் இவற்றை வாங்கித் தருவது தாத்தாவும் பாட்டியும். காதுகுத்துக்கு நம்ம தாய்மாமன் சீர் கொண்டுவருகிற மாதிரி, அங்கே பள்ளிக்கூடத்துக்குச் சீர்!

அந்த மேஜையைப் பார்த்தால் நமக்கே திரும்ப ஒன்றாம் வகுப்பு சேரலாம் போல இருக்கும். மேலே புத்தக அடுக்கு, அதில் ஒரு விளக்கு. கீழே சக்கரம் வைத்த டிராயர் பெட்டி. பக்கத்தில் பை மாட்டக் கொக்கி. நாற்காலியில் உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் ஏற்றி இறக்கலாம். பிள்ளை வளர்ந்து மீசை முளைத்ததும் மேல் அடுக்கைக் கழற்றிவிட்டால் அது பெரியவர்கள் மேஜையாகிவிடும். வீட்டுப் படிப்பு மேஜைக்கென்றே தனியாகத் தரநிர்ணயம் வைத்திருக்கிற தேசம் அது. இதைச் செய்து விற்ற கம்பெனிகளும் நேற்று முளைத்தவை அல்ல. இடோகி 1890-ல் ஒசாகாவில் ஆரம்பித்தது. கொய்சுமியின் வேர், 1716-ல் துணி வியாபாரம் செய்த ஓமி பிரதேசத்து வணிகக் குடும்பம் வரைக்கும் போகிறது.

அங்கேயும் வீடுகள் சின்னவைதான். சமீப வருடங்களில் நிறையப் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில், அம்மாவின் கண் பார்வையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதனால் மேஜைகளும் இளைத்துக்கொண்டு வருகின்றன.

சரி, மேஜை வந்தாயிற்று. பிள்ளை அதில் உட்கார வேண்டுமே? அதற்குத்தான் ஜப்பான்காரன் ஒரு வேலை செய்தான். எந்த வீடியோ கேமிலிருந்து பிள்ளையைப் பிய்த்து எடுக்க அம்மாக்கள் தொண்டை வறளக் கத்துகிறார்களோ, அதே கேமின் ஆட்களைக் கொண்டுவந்து மேஜையில் உட்காரவைத்தான். விரிப்பில் போக்கிமான், பென்சில் ஸ்டாண்டில் மாரியோ. ‘டேய், உன் ஆளு இங்கதான் இருக்கான், வந்து உட்காரு!’ என்று கூப்பிடுகிற தந்திரம்.

நான் பி.காம். படித்தவன். படம் போட்ட பொருளைப் பார்த்தாலே எனக்கு ‘ராயல்டி அக்கவுண்ட்ஸ்’ பாடம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மினிமம் ரென்ட், ஷார்ட் ஒர்க்கிங்ஸ் என்று எங்களைத் தூங்கவிடாமல் அடித்த பாடம் அது. (பி.காம். வாசகர்கள் ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தலாம்.) ஒரு மேஜைக்கு மரம், கூலி, பெயின்ட் எல்லாம் போட்டு ஒரு விலை. அதன்மேல் மாரியோ ஏறி உட்கார்ந்தால் இன்னொரு விலை. நடுவில் இருக்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத சொத்து. மேஜைக்காரன் அதில் ஒரு பங்கை மாரியோவின் முதலாளிக்குக் கட்ட வேண்டும்.

அந்த முதலாளியின் கதை இன்னும் சுவாரஸ்யம். நின்டெண்டோ கம்பெனி 1889-ல் கியோட்டோவில் ஆரம்பித்தபோது டி.வி-யும் இல்லை, கேமும் இல்லை. ‘ஹனஃபுடா’ என்கிற பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 1959-ல் டிஸ்னியிடம் அனுமதி வாங்கி, சீட்டுக்கட்டில் மிக்கி மவுஸ் வகையறாவைப் போட்டு விற்றார்கள். பெரியவர்கள் ஆடிய சீட்டு, குழந்தைகள் கைக்குப் போனது. அடுத்தவன் வீட்டுப் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கே அனுபவத்தில் படித்துவிட்டார்கள்.

1981-ல் ஒரு கேம் செய்ய ‘பாப்பாய்’ கார்ட்டூன் ஆட்களைக் கேட்டார்கள். அந்த நேரத்தில் அனுமதி கிடைக்கவில்லை. ‘சரி, நாமே ஒருத்தனை உண்டாக்குவோம்’ என்று மியாமோட்டோ என்கிற இளைஞர் வரைந்ததுதான் ‘டாங்கி காங்’ கேமில் குதித்துக் குதித்து ஓடிய குட்டை மனிதர். திரையில் புள்ளிகள் ரொம்பக் குறைவு. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். முடி வரையச் சிரமம், தொப்பி போட்டார். அமெரிக்காவில் அவர்களுக்கு கோடவுன் வாடகைக்கு விட்டவரின் பெயர் மாரியோ. அதையே இவருக்குச் சூட்டிவிட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த முதல் கேமில் மாரியோ பைப் ரிப்பேர்காரர் அல்ல. தச்சர்! 1983-ல் வந்த இன்னொரு கேமில்தான் பிளம்பர் ஆனார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருடம் இந்த மாரியோவை நான் விளாங்குடியில் சந்திக்க வேண்டியதாகிவிட்டது.

விளாங்குடி தெரியுமில்லையா? மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில், பாத்திமா காலேஜ் இருக்கிற பகுதி. 2011-ல் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால் தனிப் பேரூராட்சி. அங்கே ஒரு காம்பவுண்டு வீட்டில் என் தங்கச்சி குடியிருக்கிறாள். முன்னால் ஒரு ரூம், நடுவில் ஒரு ரூம், பின்னால் அடுப்படி. தங்கச்சி, மச்சான், மச்சானின் அம்மா, எட்டாங்கிளாஸ் படிக்கிற பெரியவள், ஒண்ணாங்கிளாஸ் போகவிருந்த சின்னவன். ஆக மொத்தம் அஞ்சு உருப்படி.

சின்னவன் செல்போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, “மாமா, எனக்கு மாரியோ டேபிள்!” என்று நின்றான். 2023-ல் வந்த மாரியோ சினிமாவை எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. படத்தில் இருந்தது ஜப்பான் மேஜை அல்ல. அதைப் பார்த்து யாரோ செய்த பார்ட்டிகிள் போர்டு மேஜை, மேலே ஒரு ஸ்டிக்கர். விலை 14 ஆயிரம். கூடவே ஒரு நட்சத்திரக் குறி: ‘நீங்களே பூட்டிக்கொள்ள வேண்டும்’.

மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. ஓரத்தில் ஒட்டிய பட்டி பிரிந்து, தண்ணீர் இறங்கினால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஒண்ணாங்கிளாஸ் பையன் மேஜையில் தண்ணீர் பாட்டில் கவிழாமல் இருக்குமா? தேய்மானக் கணக்கும் குறுக்கே வந்தது. மேஜை என்றால் பன்னிரண்டு வருஷமாவது உழைக்க வேண்டும். ஆறு வயசுப் பையனுக்கு ஒரு பொம்மை மேல் இருக்கிற காதல் எவ்வளவு நாள்? பன்னிரண்டு வருஷச் சொத்தின் மேல் ஒரு வருஷ ஆசையைப் பசை போட்டு ஒட்டுவது எந்த ஊர் வியாபாரம்? ஜப்பான்காரன் படத்தை விரிப்பில் போட்டானே, அதன் சூட்சுமம் அங்கேதான் புரிந்தது. ஆசை மாறினால் விரிப்பை மாற்றலாம். மேஜை அப்படியே நிற்கும்.

“மாமா செஞ்சு தர்றேன்டா” என்று சொல்லி, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஆசாரியண்ணனைக் கூட்டி வந்தேன். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் கட்டில், ஜன்னல், நிலை, கதவு என்று கை ஓயாத மனுஷன். இப்போது?

“எல்லாம் ரெடிமேட்டு தம்பி. அட்டப் பெட்டில வருது. நம்மளக் கூப்புட்டு ஸ்குரூ முடுக்கச் சொல்றாக. நாப்பது வருசம் உளி பிடிச்ச கை...” என்று விரல்களை விரித்துக் காட்டினார். குறை சொல்கிற குரல்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

செல்போன் படத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“யாரு தம்பி இந்த மீசைக்காரன்?”

“மாரியோண்ணே.”

“மாரியா? எந்தத் தெரு?”

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஜப்பான் கதையைச் சொன்னேன். ஆள் முதலில் தச்சர் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“நம்மாளா? அப்பறம்?”

“அப்பறம் பைப்பு வேலைக்குப் போயிட்டாருண்ணே.”

ஆசாரியண்ணன் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். “ம்... அவனுக்கும் மர வேலை கிடைக்கலபோல!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அளவு டேப்பை எடுத்துச் சின்னவனை உட்காரவைத்தார்.

“அண்ணே, மேஜை ஒண்ணுதான். ஆனா ரெண்டு பேருக்கு. பெரியவளையும் அளந்துக்கங்க” என்றேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. மச்சானின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “பய பள்ளிக்கொடம் போறான், அவனுக்குச் செய்யிறது சரிப்பா. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு மேசையும் நாற்காலியும்? இம்புட்டு நாளாக் கட்டில்ல உக்காந்துதான் படிச்சா. மார்க்கு கொறஞ்சா போச்சு?”

மார்க் குறையவில்லை என்பது உண்மை. குறைந்திருந்தால் ஒருவேளை எப்போதோ மேஜை வந்திருக்கும்! கட்டில் விளிம்பில் பரீட்சை அட்டையை வைத்து, முதுகை வில்லாக வளைத்து எட்டு வருஷம் படித்துவிட்டது அந்தப் பிள்ளை. யாராவது படுக்க வந்தால் தரைக்கு இறங்கும். தரையில் பாய் விரித்தால் வாசல்படிக்குப் போகும். புத்தகம் அதன் கூடவே வீடு முழுக்க நடந்தது.

நான் சண்டை போடவில்லை. எழுத்துப் பிழைப்பில் இருப்பவனுக்கு வாய்தான் மூலதனம், அதை மட்டும் கொஞ்சம் செலவழித்தேன். “அத்தே, நாளைக்கு இவ பெரிய மனுஷியானா சடங்குக்குச் சீர் வைக்கிறது யாரு?”

“நீதான். தாய்மாமன் வேற யாரு?”

“பட்டுப்புடவை எடுக்கணுமா?”

“எடுக்காம?”

“அந்தப் புடவைய ஒருநாள் கட்டுவா. இந்த மேஜைல தெனம் உக்காருவா. சீருன்னு நெனச்சுக்கங்க.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பேச்சுல மட்டும் கொறச்சல் இல்ல” என்று உள்ளே போய்விட்டார். இதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மதுரைப் பக்கம் அப்படித்தான்.

“இங்கிட்டு வா தாயி” என்றார் ஆசாரியண்ணன். பெரியவளை நிமிர்ந்து உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். மேஜை உயரத்துக்கு அதுதான் அளவு. முழங்கைக்கு மேலே பலகை போனால் தோள் தூக்கும், கீழே போனால் முதுகு கூனும். ஆபீஸ் மேஜை பெரும்பாலும் 30 அங்குலம் இருக்கும். ஆறு வயசுப் பிள்ளையை அதில் உட்காரவைத்தால் தாடைதான் மேஜைக்கு வரும்.

“பலக 25 அங்குலம். பாப்பாவுக்கு 16 அங்குல ஸ்டூல். பயலுக்கு 18. தரையிலருந்து 7 அங்குலத்துல ஒரு கால்பலக. வளர வளர கால்பலகையக் கீழ எறக்கிக்கலாம்” என்றார். ஜப்பான் நாற்காலியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதே ஏற்பாட்டுக்கு மூலைமட்டமும் டேப்பும் வைத்து வந்து சேர்ந்தார். எந்த நாடாக இருந்தால் என்ன, பிள்ளைகளின் கால் தரைக்கு எட்டாமல் தொங்கத்தானே செய்யும்?

பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம் வாங்கினோம். மரம், கூலி, வார்னிஷ் எல்லாம் சேர்த்து 11 ஆயிரம். முன் ரூமில், ஜன்னலை ஒட்டி ஐந்தடிப் பலகை. ஆளுக்கு ஒரு டிராயர். மேலே விரிக்க, வெள்ளை பிளாஸ்டிக் ஷீட். அதற்கடியில் அவரவர் பக்கம் அவரவர் வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

டிராயருக்குக் கைப்பிடி வைக்கும்போது பெரியவள் மெதுவாக வந்து நின்றாள். இந்த விவகாரம் முழுக்க அவள் வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

“தாத்தா... இதுக்குப் பூட்டு வைக்க முடியுமா?”

வீடு அமைதியாகிவிட்டது. மேஜைக்குக்கூட இவ்வளவு ஆட்சேபணை இல்லை. பூட்டு என்றதும் அத்தை வந்தார், தங்கச்சி வந்தாள். “பூட்டு எதுக்குடி? அப்படி என்னத்த ஒளிச்சு வைக்கப் போற?” கேட்டது அத்தை அல்ல, என் தங்கச்சி!

பெரியவள் கண்ணில் தண்ணி முட்டிவிட்டது. “ஒண்ணுமில்ல. தம்பி எடுத்துருவான். பாட்டி எடுத்து மடிச்சு வைப்பாங்க. அம்மா தேடுவ... வச்சது வச்ச எடத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

வச்சது வச்ச இடத்தில் இருக்கணும். அஞ்சு பேர் புழங்குகிற இரண்டு ரூமில் பதிமூணு வயசுப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான். மச்சான் பேப்பரை மடக்கிவிட்டு, “வச்சுக் குடுங்கண்ணே” என்றார்.

ஆசாரியண்ணன் பையிலிருந்து சின்னதாக ஒரு டிராயர் பூட்டை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். அவருக்கும் பேத்தி இருக்கிறதாம்.

“டூப்ளிகேட்டு சாவி எங்க? என்கிட்டக் குடுங்க” என்றார் அத்தை.

“ஒரே சாவிதான் தாயி வந்துச்சு” என்றார் இவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். அந்த மாதிரிப் பூட்டுக்கு இரண்டு சாவி வரும் என்பது எனக்கும் தெரியும். வேலை முடிந்து கிளம்பும்போது பெரியவளைக் கூப்பிட்டு, எதையோ அவள் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

இப்போது நிலவரம்: சின்னவன் பக்கம் ஷீட்டுக்கடியில் மாரியோ மூன்று மாதம் ஆட்சி செய்தார். நான் கடைசியாகப் போனபோது ஆட்சி மாறி டைனோசர் வந்திருந்தது. தேய்மானக் கணக்கு சரியாக இருக்கிறது. படத்துக்குச் செலவு பத்து ரூபாய் பிரின்ட். மேஜைக்குச் சேதாரம் இல்லை. அத்தை மத்தியானத்தில் அந்த மேஜையில்தான் வெங்காயம் உரிக்கிறார். பெரியவள் வரும் சத்தம் கேட்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அவள் பக்கத்தில் டைம்டேபிளும் ஓர் உலக வரைபடமும். அந்த வரைபடத்தில் எந்த ஊரையோ பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பை, ஷூ, லஞ்ச் பாக்ஸ் என்று எப்படியும் கடைக்குப் போவீர்கள். ஜப்பான் மேஜை வேண்டாம், தேக்கும் வேண்டாம். இரண்டு ஸ்டூல் மேல் ஒரு பழைய கதவுப் பலகை போதும். வாங்குவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பிள்ளையை உட்காரவைத்து முழங்கை உயரத்தை அளந்துவிடுங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை கட்டில் விளிம்பில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தால், அதையும் கூப்பிட்டு அளந்துவிடுங்கள். உங்கள் தெருவிலும் ஸ்குரூ முடுக்கிக்கொண்டு ஓர் ஆசாரி இருப்பார்.

பெரியவளின் டிராயருக்குள் என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.